ஒலிக்காத எழுத்து

ஃபரோ தீவுகளில், கிளாக்ஸ்வீக் துறைமுகத்தில்
மீன் ஏலக் கணக்குப் பார்க்கும் கம்பெனியின் சர்வரில்
'சில்லறை' என்றொரு ஃபோல்டர் வைத்திருக்கிறாள் ரன்வா.
நாற்பத்தொரு ஸ்கிரிப்ட்.
இருப்பதிலேயே நீளமானது இருபது வரி.

ஒன்று, தூங்கிப்போன பிரின்டரைத் தட்டி எழுப்பும்.
ஒன்று, வெளியூர்த் தேதிகளில்
நாள் எது மாதம் எது என்று பிரித்து உட்காரவைக்கும்.
ஆயிரத்து இருநூறு படங்களுக்கு
ஒரே மூச்சில் பெயர் மாற்றும் இன்னொன்று.
அத்தனையும் காட் மீன். அத்தனைக்கும் ஒரே முழி.
ஒன்று எதற்காக ஓடுகிறதென்று அவளுக்கே தெரியாது.
நிறுத்திப் பார்த்தாள் ஒருமுறை;
கீழே எடைத் தராசு நின்றுபோனது.
மறுபடி ஓடவிட்டாள். கேள்வி கேட்கவில்லை.

பழைய பதிவுகளை அழிக்கும் ஸ்கிரிப்டுக்குப்
பெயர் போகி.
எதிர் மேஜைக்காரன் பெயர் அது,
மேஜையை ஒருநாளும் துடைக்காதவன்.
தமிழ் அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது.

அந்த ஊர் மொழியில் ஓர் எழுத்து உண்டு.
வளைந்த கழுத்தில் சின்னக் குறுக்குக்கோடு.
எழுதுவார்கள், பெரும்பாலும் ஒலிக்கமாட்டார்கள்.
ஹத்லுருடைய படகு எய்பியர்க்.
அந்தப் பெயரின் நடுவிலும் அது இருக்கிறது.
நானும் அதை விட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்,
பாருங்கள்.

வங்கிக் கம்ப்யூட்டருக்கு அது புரியவில்லை.
அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி வைத்தது.
கேள்விக்குறி உள்ள படகுக்குப் பணம் போகாதாம்.
மூன்று வாரம்.
ரப்பர் பூட்ஸோடு மாடியேறி வந்தார் ஹத்லுர்.
"நான் பிடிச்சது மீனு, விடுகதை இல்ல."

அன்று மாலை இரண்டு வரி எழுதினாள்:
வங்கி படிக்கும் குறிமுறைக்குக் கோப்பை மாற்று.
மாறியதா என்று பார்.
மேலே ஒரு கமெண்ட்:
'ஒலிக்காது. எடுக்காதே.'

ஹத்லுர் வைத்துவிட்டுப் போன கருவாட்டில்
இரண்டு நாள் அலுவலகமே வீசியது.
அவளுடைய ஷிஃப்ட் கீ இன்னும் வழுக்குகிறது.

பிப்ரவரியில், காற்று
விமானத்தை இறங்கவிடாத ஒரு வியாழன்,
போகியில் ஓர் இடைவெளி கூடுதலாய் விழுந்தது.
கட்டைவிரல் பட்டது, அவ்வளவுதான்.
அது பழையதை அழித்தது.
பிறகு புதியதை.
பிறகு அந்த வருடத்து ஏலம் மொத்தத்தையும்,
குப்பை பெருக்க வந்தவர்
வீட்டையும் சேர்த்துத் தள்ளியதுபோல.
நாலு நொடி.
திரையில் ஒரு வார்த்தை இல்லை.
சொன்னதைச் செய்து முடித்த கட்டளை
வாய் திறப்பதில்லை.

மனிதப் போகி எழுந்து போய்க் காபி போட்டான்.
எல்லாருடைய கோப்பையிலும் ஊற்றினான், தன்னுடையதைத் தவிர.
நகல் இருக்கிறது என்றது கோபன்ஹேகன்.
ஒன்பது நாள் பழைய நகல்.

இரவு பதினொன்றுக்கு
ஃபோல்டரின் அடிமட்டத்தில் ஒரு கோப்பு கிடைத்தது:
சோதனை-2-கடைசி-நிஜமாகவே-கடைசி.
வேலைக்குச் சேர்ந்த வாரம் அவளே எழுதியது.
மாறிகளின் பெயர் அ, அஅ, அஅஅ.
யாராவது பார்த்தால் மானம் போகும்.
ஆனால் தினமும் இரவு இரண்டு பத்துக்கு
அது எல்லாவற்றையும் நகலெடுத்து,
ஸ்டோர் ரூமில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால்
யாரோ அணைக்க மறந்த கம்ப்யூட்டரில்
வைத்துவிட்டு வந்திருக்கிறது.
நான்கு வருடமாக.
மெயில் அனுப்பிச் சொல்லவைக்க
அப்போது அவளுக்குத் தெரியாது.

விடிவதற்குள் ஏலம் முழுக்கத் திரும்பி வந்தது.
எய்பியர்க்கும் வந்தது, எழுத்தோடு.

பெயர்களை அவள் திருத்தவில்லை.
அஅஅ அப்படியே இருக்கிறது.
மேலே பழைய கமெண்டை மட்டும்
வெட்டாமல் நகலெடுத்து ஒட்டினாள்.

அப்புறம்தான் பார்த்தாள்,
அந்தக் கம்ப்யூட்டரில் வட்டு
தொண்ணூற்றேழு சதவீதம் நிரம்பியிருந்தது.
நாற்பத்திரண்டாவதைத் தொடங்கினாள்.

"எவ்வளவு பெரிசு?" என்றான் போகி.
"மூணு வரி."
"அச்சடிச்சுக் கொடு, படிச்சுப் பாக்கறேன்."
பிரின்டர் தூங்கிக்கொண்டிருந்தது.